எந்தக் கெச்சமாசான் நல்லது? கணக்குப் போட நான்கு வழி, எதை எப்போது எடுப்பது

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒருவர் மாவட்ட ஆஸ்பத்திரி கெச்சமாசானில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், எம்ஏவாக (மருத்துவ உதவியாளராக) இருக்கும் தம்பி. "அண்ணே, எங்க யூனிட்டையும் சுத்தி இருக்கிற யூனிட்டையும் வச்சு ஒரு கியூஏ (தரம் பார்க்கிற) புராஜெக்ட் செய்யணும், எந்த மாடல் போடறது?" என்றான். இன்னொருவர் எங்கள் கோயில் தலைவர். ஆஸ்பத்திரி லெம்பாகா பெலாவாட்டில் (பொதுமக்கள் பிரதிநிதிகள் உட்காரும் பார்வையாளர் குழுவில்) உறுப்பினராக இருக்கிறார், கூட்டத்துக்குப் போனால் எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்று நினைப்பவர். அவருடைய கேள்வி இன்னும் நேரடி: "நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனா சாவு ஜாஸ்தியா, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஜாஸ்தியா? ரெண்டுல ஒன்னு சொல்லுப்பா."

ரெண்டில் ஒன்று சொல்வது சுலபம், சொன்னது சரியாக இருப்பதுதான் கஷ்டம். நான் மருத்துவன் இல்லை, கணக்கு ஆள். பத்து வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில், எந்த வழி யாருக்கு உதவும், எது எங்கே காலை வாரும் என்று சொல்கிறேன்.

(ஒரு சின்ன விஷயம். பக்கத்தில் சுங்கை சிப்புட் இருப்பதால், இங்கே மலேசியாவில் பெரியவர்களிடம் "எமர்ஜென்சி" என்றால் 1948 ஜூன் 16-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்ட நாள், அதிலிருந்து 1960 வரை அவசரகாலம். அதனால் நான் கெச்சமாசான் என்றே எழுதுகிறேன். ஆம்புலன்ஸ் போய் நிற்கும் வாசல்.)

## முதலில், எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்க்கிறேன். யூனிட்டுக்கு எப்படிப்பட்ட நோயாளிகள் வருகிறார்கள் என்பதைக் கணக்கு கண்டுகொள்கிறதா? வருடத்துக்குப் பத்து இருபது சாவு மட்டுமே உள்ள சின்ன இடத்துக்குத் தாங்குமா? என்ன தரவு வேண்டும், அதை யார் உட்கார்ந்து நிரப்புவது? தலைவரிடம் ஐந்து நிமிடத்தில் விளக்க முடியுமா? கடைசியாக, கணக்கு தப்பாகிப் போனால் அடி யாருக்கு விழும்? இந்த ஐந்தாவதை யாருமே கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலாவதாக இருக்க வேண்டும்.

## மாடலுக்கு முன்னால்: சாவை எங்கே எண்ணுகிறீர்கள்?

இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

என் அப்பா தோட்டத்து டிரஸர், அதாவது தோட்ட மருந்தகத்தில் வைத்தியம் பார்த்தவர். அவர் வைத்திருந்த பெரிய பதிவேட்டில் பேர், லயத்து நம்பர், என்ன வியாதி, என்ன மருந்து என்று எல்லோரும் போடும் கட்டங்கள் இருக்கும். ஓரத்தில் இன்னொரு கட்டத்தை அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்திருந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய ஆளுக்குக் கடைசியில் என்ன ஆனது என்பது அதில் சிவப்பு மையில் இருக்கும். "திரும்பினார்", "கால் எடுத்தாச்சு", "20 நாள் கழித்து ஈப்போவில் இறந்தார்". லாரி டிரைவரிடமும் பால்மரம் வெட்டும் பெண்களிடமும் விசாரித்து எழுதுவார். சில கட்டங்கள் ஆறு மாதம் காலியாகவே கிடக்கும், அப்புறம் ஒரு நாள் நிரம்பும்.

அந்த ஓரத்துக் கட்டம் இன்றைய பல கணக்குகளில் இல்லை. ஸ்பெஷலிஸ்ட் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? மோட்டார் விபத்தில் தலையில் அடிபட்ட பையன் வருகிறான். மூச்சுக்குழாய் போட்டு, ரத்தக்கசிவை நிறுத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விடுகிறார்கள். மூன்றாம் நாள் அவன் அங்கே இறந்தால் அந்தச் சாவு பெரிய ஆஸ்பத்திரி கணக்கில் விழும். நம் ஊர்ப் பதிவேட்டில் அவன் "ரெஃபர்", அதாவது உயிரோடு போனவன். அனுப்ப அனுப்ப சின்ன யூனிட் நல்ல பேர் வாங்கும், வாங்க வாங்கப் பெரிய யூனிட் கெட்ட பேர் வாங்கும்.

இது ஒன்று மட்டுமா? ஏஓஆர் (சொந்தப் பொறுப்பில் போகிறோம்) என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்கள் இருக்கிறார்கள். பாட்டி வீட்டில்தான் கண்ணை மூட வேண்டும் என்று சொல்லிக் கொண்டுபோவார்கள், மறுநாள் போய்விடுவார். ஆஸ்பத்திரி கணக்கில் அது டிஸ்சார்ஜ். வரும்போதே உயிரில்லாமல் வந்தவரைச் சில யூனிட் சேர்க்கும், சில யூனிட் சேர்க்காது. செம்பனைத் தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியர், பங்களாதேஷிகள். அவர்களிடம் ஐசி (அடையாள அட்டை) கிடையாது, பாஸ்போர்ட் நம்பர்தான். அதுவும் ஒரு எழுத்து மாறிப் பதிவாகியிருக்கும். ஊருக்குத் திரும்பிவிட்டால் என்ன ஆனார் என்று தேட வழியில்லை, கணினி அவரை உயிரோடு இருப்பவராகவே வைத்திருக்கும்.

ஆகவே முதல் முடிவு மாடலைப் பற்றியது இல்லை. ஆஸ்பத்திரிக்குள் நடந்த சாவா, எங்கே நடந்தாலும் 30 நாளுக்குள் நடந்த சாவா? ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டாவதுதான் நியாயம். 12 இலக்க ஐசி நம்பரை வைத்து இறப்புப் பதிவோடு இணைத்தால் பெரும்பாலானவர்களைப் பிடித்துவிடலாம், முதல் ஆறு இலக்கத்தில் பிறந்த தேதி இருப்பதால் வயதும் சும்மா கிடைக்கிறது. ஆனால் இணைப்பதற்கு அனுமதி வேண்டும், அதற்குக் கடிதம் வேண்டும், கடிதத்துக்குப் பதில் வர மாதங்கள் ஆகும். இந்தச் செலவை யாரும் புராஜெக்ட் தாளில் எழுதுவதில்லை.

## வழி 1: நேரடி விகிதம்

செத்தவர்களை வந்தவர்களால் வகுப்பது. தலைவர் கேட்டது இதைத்தான். எக்செல் கூட வேண்டாம், போன் கால்குலேட்டர் போதும்.

இதனால் வரும் வினை பழசு. 1863-இல் வெளிவந்த ஒரு பட்டியலில் லண்டனின் 24 பெரிய ஆஸ்பத்திரிகளில் இறப்பு 90.84 சதவீதம் என்று இருந்தது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் அதைத் தன் நூலில் சேர்த்துவிட்டு மருத்துவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நூறு பேர் போனால் தொண்ணூறு பேர் பிணமாக வந்தார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு வருடத்துச் சாவை, ஏப்ரல் மாதத்தில் ஒரே ஒரு நாள் கட்டிலில் படுத்திருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். அந்த வருடம் முழுக்க வந்து குணமாகிப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. கீழே இருக்கும் எண் தப்பாகிவிட்டால் மேலே இருப்பது எவ்வளவு துல்லியமாக இருந்தும் புண்ணியமில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இன்னொரு குழி இருக்கிறது. கீழே உள்ளது நான் விளக்கத்துக்காகப் போட்ட கணக்கு, எந்த ஆஸ்பத்திரியின் உண்மைக் கணக்கும் இல்லை:

| | ஊர் யூனிட் | பெரிய யூனிட் |
|---|---|---|
| கடுமையான கேஸ் | 40 பேரில் 12 சாவு (30%) | 800 பேரில் 200 சாவு (25%) |
| லேசான கேஸ் | 360 பேரில் 4 சாவு (1.1%) | 1,200 பேரில் 12 சாவு (1%) |
| மொத்தம் | 400 பேரில் 16 சாவு (4%) | 2,000 பேரில் 212 சாவு (10.6%) |

மொத்தத்தைப் பார்த்தால் ஊர் யூனிட் சொர்க்கம், பெரியது நரகம். வரி வரியாகப் பார்த்தால் கடுமையான கேஸிலும் சரி, லேசான கேஸிலும் சரி, பெரியதுதான் மேல். கஷ்டமான கேஸ் எல்லாம் அங்கே போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான் விஷயம். சிம்ப்சன் முரண் என்று இதற்குப் பெயர், எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் எழுதினார்.

அப்படியானால் நேரடி விகிதம் எதற்குமே ஆகாதா? ஆகும். ஒரே யூனிட்டை, ஒரே மாதிரி நோயாளிகள் வரும் வரை, இந்த வருடம் போன வருடம் என்று பார்க்கலாம். சாவுக்குப் பதிலாக நேரத்தை அளக்கும்போது இன்னும் நன்றாக வேலை செய்யும். மாரடைப்போடு வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வாசலில் நுழைந்த 30 நிமிடத்துக்குள் போக வேண்டும் என்பது இலக்கு. எத்தனை பேருக்குப் போனது? இதற்கு மாடலே வேண்டாம். வயதானவரானாலும் இளையவரானாலும் கடிகாரம் ஒன்றுதான். ஒரு மாதத்திலேயே நிலவரம் தெரியும். தலைவர் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது.

## வழி 2: எதிர்பார்த்த சாவு, நடந்த சாவு

லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்று பெரிய பேர் வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கும் யோசனை சின்னது. ஒவ்வொரு நோயாளிக்கும் வயது, ரத்த அழுத்தம், மூச்சு வேகம், ஜிசிஎஸ் (நினைவு எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பெண், முழு நினைவுக்கு 15), வேறு வியாதிகள் எல்லாம் பார்த்து, மாநிலத்தின் சராசரி யூனிட்டுக்கு இவர் போயிருந்தால் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண் போடுகிறோம். டயாலிசிஸ் செய்யும் 72 வயதுப் பாட்டி, அழுத்தம் 80-க்கு விழுந்து வந்தால் 0.40 என்று வரலாம். கணுக்கால் உடைந்த பையனுக்கு 0.001. எல்லோருடைய எண்ணையும் கூட்டினால் அதுதான் எதிர்பார்த்த சாவு. நடந்ததை அதால் வகுத்தால் 1-க்கு மேலா, கீழா என்று தெரியும்.

மேலே உள்ள அட்டவணையிலேயே போட்டுப் பார்ப்போம். இரண்டு யூனிட்டையும் சேர்த்த சராசரிப்படி ஊர் யூனிட்டில் 13.8 பேர் இறந்திருக்க வேண்டும், நடந்தது 16. விகிதம் 1.16. பெரியதற்கு 214-க்கு 212, விகிதம் 0.99. சரி, தலைகீழாக இருந்த படம் நேராகிவிட்டது.

இந்த வகைக் கணக்கு பெரிய இடத்தில் பெரிய வேலை செய்திருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆஸ்பத்திரியின் குழந்தை இதய அறுவை சிகிச்சை விவகாரத்தில், 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் வழக்கமான யூனிட்டில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று 2001-இல் விசாரணை அறிக்கை சொன்னது. "அதிகமாக" என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்பது எதிர்பார்த்த சாவு என்ற கணக்குதான்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஜிசிஎஸ் கட்டம் காலியாக இருந்த தாள்களைத் தனியாக எடுத்து அடுக்கினேன். ஏனோதானோ என்று விட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். தாளைப் புரட்டினால் விஷயம் வேறு. ரத்தம் தெறித்த தாள், அவசரத்தில் ஒரு பக்கம் கிழிந்த தாள், நேரம் மட்டும் எழுதி மற்றதெல்லாம் வெறுமையாக இருந்த தாள். ஆள் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சை அமுக்குவார்களா, கட்டத்தை நிரப்புவார்களா? வயிற்றுப்போக்குக்கு வந்தவருக்கு 15 என்று அழகாக எழுதியிருந்தது. மூச்சுக்குழாய் போட்டவர் பேச முடியாது, அதனால் பேச்சுக்கான மதிப்பெண்ணே போட வழியில்லை. ஆக மிக மோசமாக வந்தவர்களின் தாள்தான் காலி.

அந்தக் காலிக் கட்டங்களை மென்பொருள் தானாக 15 என்று நிரப்பியிருந்தது, அதாவது முழு நினைவோடு வந்தவர்களாம். செத்துக்கொண்டிருந்தவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எதிர்பார்த்த சாவு குறையும், விகிதம் ஏறும், உயிரைக் கொடுத்து வேலை செய்த ஷிஃப்ட் மோசமான ஷிஃப்டாகத் தெரியும். காலிக் கட்டமே ஒரு தகவல். "பதியவில்லை" என்று அதைத் தனி வகையாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். முழுதும் தீராது.

இரண்டாவது, சோன் மேரா, கூனிங், ஹிஜாவ் (அவசரத்தைப் பொறுத்து நோயாளியைப் பிரிக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதி) என்ற நிறத்தை மாடலுக்குள் போட ஆசை வரும், ஏனென்றால் அது எல்லோருக்கும் பதிவாகியிருக்கும். ஆனால் அந்த நிறத்தைக் கொடுப்பதே நீங்கள் எடைபோடும் யூனிட்தான். ஒரு இடம் கொஞ்சம் சந்தேகம் வந்தாலே மேராவில் போடும், இன்னொரு இடம் மேராவில் கட்டில் இல்லை என்று கூனிங்கில் உட்கார வைக்கும். பரீட்சை எழுதுகிறவனிடமே கேள்வித்தாளைத் தயாரிக்கச் சொன்ன கதை.

மூன்றாவது, 16 சாவை வைத்துக்கொண்டு சொந்தமாக மாடல் கட்ட முடியாது. ஒரு காரணிக்குக் குறைந்தது பத்துச் சாவு வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. சிலர் அதை மறுக்கிறார்கள், என்றாலும் 16-ஐ வைத்து எட்டுக் காரணி போடுவதை யாரும் ஆதரிக்கமாட்டார்கள். அதனால் கடன் வாங்குவோம். விபத்துக் கேஸுக்கு 1987-இல் வந்த ட்ரிஸ் இருக்கிறது. காயத்தின் கடுமை, ஜிசிஎஸ், அழுத்தம், மூச்சு, வயது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் எண்கள் அமெரிக்க நோயாளிகளிடமிருந்து வந்தவை, வயதையும் 55-க்குக் கீழே, மேலே என்று இரண்டாகத்தான் வெட்டுகிறது. கடன் வாங்கிய சட்டையை அளவு பார்க்காமல் போட்டால் தோள் தொங்கும். நம் நோயாளிகளிடம் அந்த மாடல் சொல்வதும் நடப்பதும் ஒத்துப்போகிறதா என்று முதலில் சோதித்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று, படித்தவர்களே தடுமாறும் இடம். ஊர் யூனிட் 1.16, பெரியது 0.99, எனவே பெரியது மேல் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு விகிதமும் அந்தந்த யூனிட்டின் நோயாளிகளைச் சராசரியோடு ஒப்பிடுகிறது. ஒரு யூனிட்டை இன்னொன்றோடு ஒப்பிடவில்லை. நோயாளிகள் ரொம்ப வித்தியாசமாக இருந்தால் இரண்டு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சட்டியையும் பானையையும் ஒரே மூடியால் மூடுவது போல. போதாக்குறைக்கு அந்த 1.16-க்கு 95 சதவீத எல்லை போட்டால் 0.66 முதல் 1.88 வரை வருகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைவாகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட இரட்டிப்பாகவும் இருக்கலாம் என்று சொல்லும் கணக்கு எதையுமே சொல்லவில்லை.

இந்த வழி யாருக்கு? வருடத்துக்குச் சில நூறு சாவு உள்ள பெரிய யூனிட்டுக்கு, தரவு ஓரளவு முழுசாக இருந்தால். இது தெளிவு.

## வழி 3: பல அடுக்கு மாடல்

நோயாளி ஒரு அடுக்கு, யூனிட் ஒரு அடுக்கு. இதில் ஒவ்வொரு யூனிட்டின் எண்ணையும் அப்படியே நம்பாமல், தரவு குறைவாக இருக்கும் அளவுக்குச் சராசரி பக்கம் இழுத்துவிடுகிறோம். பேட்மின்டன் பார்க்கிறவர்களுக்கு இது தானாகவே தெரியும். பள்ளிப் போட்டியில் இரண்டு மேட்ச் ஜெயித்த பையனை அடுத்த லீ சோங் வெய் என்று யாராவது சொன்னால், "இன்னும் ஆடட்டும், பார்ப்போம்" என்போம். நூறு மேட்ச் ஜெயித்தால் நம்புவோம். மாடல் செய்வதும் அதுதான்.

யூனிட்டுக்கு யூனிட் உண்மையான வித்தியாசம் சுமார் 15 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டால், நம் 1.16 இழுபட்டு 1.04 ஆகிறது. பெரிய யூனிட் கிட்டத்தட்ட அசையாது. மாநிலத்தில் உள்ள எல்லா யூனிட்டையும் ஒரே கணக்கில் பார்க்க, அதிலும் சிலது பெரிதும் பலது சின்னதுமாக இருக்கும்போது, இதைவிட நிதானமான வழி எனக்குத் தெரியாது. பட்டியலில் முதல் இடமும் கடைசி இடமும் எப்போதும் சின்ன ஆஸ்பத்திரிகளாகவே இருக்கும் அந்தக் கேலிக்கூத்து நின்றுவிடும்.

ஆனால் அதே கை இன்னொன்றையும் செய்யும். சின்ன யூனிட் ஒன்று உண்மையாகவே மோசம் என்று வையுங்கள், 13.8-க்கு 22 சாவு, விகிதம் 1.6. அதே கணக்கில் அது 1.17 ஆக இழுபட்டு, சராசரிக் கூட்டத்தில் போய் ஒளிந்துகொள்ளும். பாதிக்கப்படுவது தோட்டத்து ஜனங்கள்தான், ஏனென்றால் சின்ன யூனிட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள்தான். பெரிய யூனிட்டின் குறை வெளியே தெரியும், சின்னதின் குறை "எண்ணிக்கை போதாது" என்ற போர்வைக்குள் தூங்கும். இது என்னை உறுத்தும் விஷயம். கணக்குக்காரர்கள் இதைச் சரி என்பார்கள், சராசரியாகத் தப்பு குறைகிறது என்பார்கள். குறைகிறதுதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் நம் ஊர் எங்கே இருக்கிறது என்பதை மாடல் கேட்பதில்லை.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்செல்லில் முடியாது. ஆர் மென்பொருள் இலவசம், அதை ஓட்டத் தெரிந்த ஆள் இலவசம் இல்லை. எல்லா யூனிட்டின் தரவும் ஒரே வடிவில் வேண்டும், அதற்கு மேலிடத்தின் அதிகாரம் வேண்டும். மூன்று யூனிட்டை வைத்து இதைப் போடுவது வீண், இருபதுக்கு மேலாவது வேண்டும் என்பேன். தம்பி இந்த மாடலின் பேரைக் கேட்டு மயங்கித்தான் என்னிடம் வந்தான், கையில் இருந்தது மூன்றே யூனிட்.

### எந்த மாடலானாலும், காட்டுவது புனல் படத்தில்

ரேங்க் பட்டியல் போடாதீர்கள். புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005-இல் இதற்கென்று எழுதிய புனல் படத்தைப் போடுங்கள். குறுக்கே எதிர்பார்த்த சாவு, நெடுக்கே விகிதம், இரண்டு வளைந்த எல்லைக் கோடுகள். சின்ன யூனிட்டுக்கு வாய் அகலமாகவும் பெரியதற்குக் குறுகலாகவும் இருக்கும். 13.8 எதிர்பார்த்த இடத்தில் 95 சதவீத எல்லை சுமார் 0.47 முதல் 1.53, 214 எதிர்பார்த்த இடத்தில் 0.87 முதல் 1.13. எண்ணெய் ஊற்றும் புனலைக் காட்டி தலைவருக்கு விளக்கினேன், உடனே பிடித்துக்கொண்டார். 40 யூனிட் இருந்தால் எல்லோரும் ஒரே தரமாக இருந்தாலும் இரண்டு, தற்செயலாகவே 95 சதவீதக் கோட்டுக்கு வெளியே நிற்கும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் யாராவது பேப்பர்காரரைக் கூப்பிடுவார்கள்.

வெளியிடுவதும் இலவசம் இல்லை. நியூயார்க் மாநிலம் இதய பைபாஸ் முடிவுகளை ஆஸ்பத்திரி வாரியாக வெளியிட ஆரம்பித்தது, அப்புறம் டாக்டர் வாரியாகவும் வந்தது. கஷ்டமான நோயாளியைத் தொட டாக்டர்கள் தயங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டு பின்னாலேயே வந்துவிட்டது. அது எவ்வளவு உண்மை என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. கெச்சமாசானில் நோயாளியைத் திருப்பி அனுப்ப முடியாது என்பது ஆறுதல்தான், ஆனால் சீக்கிரம் ரெஃபர் செய்துவிட முடியும்.

## வழி 4: உங்களை நீங்களே பார்ப்பது

க்யூசம், அதாவது ஒவ்வொரு முடிவையும் கூட்டிக்கொண்டே போகும் கோடு. தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்காக 1954-இல் பேஜ் என்பவர் எழுதியது. செம்பனை மில்லில் எண்ணெயின் அமிலத்தை வேளைக்கு வேளை அளந்து குறித்துவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் மனசு புரியும். பக்கத்து மில் எப்படி என்பது இங்கே கேள்வி இல்லை, நம் மில் நேற்று மாதிரி இன்றும் ஓடுகிறதா என்பதுதான்.

கெச்சமாசானுக்கு ஏற்ற எளிய வடிவம் இப்படி. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பு சொன்ன எண் இருக்கிறது. பாட்டிக்கு 0.40. அவர் பிழைத்தால் கோட்டை 0.40 மேலே ஏற்று, இறந்தால் 0.60 கீழே இறக்கு. 0.01 வாய்ப்புள்ள 19 வயதுப் பையன் இறந்தால் ஒரேயடியாக 0.99 கீழே. கிராஃப் தாளில் கையால் போடலாம். கோடு தொடர்ந்து இறங்கினால் ஷிஃப்ட் மாறியதா, ஆம்புலன்ஸ் ஒர்க்ஷாப்பில் கிடந்ததா, புது ஹவுஸ்மேன்கள் (பயிற்சி டாக்டர்கள்) வந்த மாதமா என்று அன்றே தேடலாம். வருட அறிக்கைக்காக அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற டாக்டருக்கு 2000-இல் 15 கொலைகளுக்காகத் தண்டனை கிடைத்தது. அப்புறம் வந்த விசாரணை, கொல்லப்பட்ட நோயாளிகள் 215 பேர் என்றது. இந்த வகைக் கோட்டை யாராவது போட்டுக்கொண்டிருந்தால் பல வருடம் முன்பே மணி அடித்திருக்கும் என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் ஊரில் அப்படி ஒருவர் இருப்பார் என்று சொல்ல வரவில்லை. சின்ன இடத்திலும் இந்தக் கோடு பேசும் என்பதற்காகச் சொல்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. எதிர்பார்த்த எண்ணை உங்கள் பழைய தரவிலிருந்தே எடுத்தால், முதலிலிருந்தே மோசமாக இருந்த யூனிட் எப்போதும் சமமான கோடுதான் காட்டும். நீண்ட நாள் ஓட்டினால் சும்மாவே ஒரு தடவை மணி அடிக்கும். ரெஃபர் செய்தவருக்கு என்ன ஆனது என்று தெரியாமல் போட்டால் கோடு பொய்யாக ஏறிக்கொண்டே போகும், எல்லோரும் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

## சரி, யார் எதை எடுப்பது?

தம்பிக்கு நான்காவது வழி. மூன்று யூனிட்டை ஒப்பிடும் எண்ணத்தைக் கைவிடச் சொன்னேன், முகம் கொஞ்சம் சுருங்கியது. பக்கத்து யூனிட்டின் தரவுக்காக ஆறு மாதம் அலைவதற்குப் பதில், தன் யூனிட்டில் இருந்து ரெஃபர் ஆனவர்களின் கதையை ஆறு மாதம் துரத்தினால் அதிகம் தெரியும். மாநில அளவில் வேலை பார்க்கிறவர்கள், முதுகலை ஆய்வு செய்கிறவர்கள் மூன்றாவது வழியைப் புனல் படத்தோடு எடுக்கலாம். ஆனால் இழுப்பதற்கு முன் இருந்த எண்ணையும் பக்கத்தில் அச்சிடுங்கள், சின்ன யூனிட் ஒளியாமல் இருக்கட்டும். நிறைய நோயாளிகள் வரும் ஒரே பெரிய ஆஸ்பத்திரியின் உள் ஆடிட்டுக்கு இரண்டாவது போதும்.

தலைவருக்கு? ஈப்போவோடு ஒப்பிடும் கேள்வியைக் கேட்காதீர்கள் என்றேன். "அப்ப எதுக்குப்பா நான் கூட்டத்துக்குப் போறேன்?" என்றார், நியாயமான கோபம். மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன். மாரடைப்பு ஊசி 30 நிமிடத்துக்குள் எத்தனை பேருக்குப் போனது? ரெஃபர் செய்தபின் ஆம்புலன்ஸ் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது? ரெஃபர் ஆனவர்களுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று இங்கே யாருக்காவது தெரியுமா? மூன்றாவதைக் கேட்டபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம்.

தம்பி ஆரம்பித்துவிட்டான். பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கட்டம், அப்பா போட்ட அதே கட்டம், இவன் எக்செல்லில் போட்டிருக்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் மதிய ஷிஃப்ட் முடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு வரிசையாகப் போன் போடுகிறான். முதல் இரண்டு மாதத்தில் ரெஃபர் ஆனவர்களில் நான்கு பேரைத் தவிர எல்லோருக்கும் பதில் கிடைத்துவிட்டது. அந்த நான்கில் மூன்று பேரிடம் பாஸ்போர்ட் நம்பர்தான் இருந்தது, அவர்கள் இருந்த கொங்சி வீடும் (தொழிலாளர் தங்கும் குடில்) இப்போது காலி. அவர்களைக் கோட்டில் ஏற்றுவதா, இறக்குவதா என்று நேற்று இரவு கேட்டு அனுப்பியிருக்கிறான். இரண்டு விதமாகவும் போட்டு, இரண்டு கோட்டையும் ஒரே தாளில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.